பையைத் தொடாதேங்கோ

காலுக்கு வேலை கொடுப்பது எங்கள் தொழில். ஆனால் அந்தத் தொழிலில் தேய்ந்துபோவது எங்கள் வாய்.

இயன்மருத்துவ உதவியாளர் என்பது என் பதவியின் பெயர். அதை முழுதாக உச்சரித்த ஒரு நோயாளியை நான் கண்டதில்லை. எல்லாருக்கும் நான் ‘எக்சசைஸ் மிஸ்’. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சண்டைக் காலத்தில், துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இயங்கிய ஆஸ்பத்திரியில், இடுப்பும் காலும் முறிந்து வந்தவர்களின் வார்டில் இருந்தேன். முன்பு அது எட்டாம் வகுப்பு. கரும்பலகை சுவரிலேயே இருந்தது. பிள்ளைகள் போய்க் கட்டில்கள் வந்ததே தவிர, சொன்னதைக் கேளாத பழக்கம் மட்டும் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

வகுப்பில் சோக்குக்கட்டி பிடித்தவர்களும், பஸ்ஸில் ரிக்கெற் கிழித்தவர்களும், கால் உடைந்த ஓர் ஆளை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களும் இதை வாசித்தால் என் பக்கம்தான் நிற்பீர்கள். ஒரே சொல்லை ஒரே ஆளுக்குத் தினமும் சொல்லுகிற வேதனை உங்களுக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

இடுப்பு எங்கே இருக்கிறது?

எங்கள் சனத்துக்கு இடுப்பு என்றால் சாரம் கட்டுகிற இடம். அதற்குப் பின்பக்கம் நாரி. கால் என்பது முழங்காலுக்குக் கீழே. நடுவில் கிடக்கிற தொடையும் இடுப்பு மூட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை. ‘இடுப்பு நோகுதோ?’ என்று கேட்டால் நாரியைத் தடவிக் காட்டுவார்கள். ஆகவே புதிதாக ஓர் ஆள் கட்டிலுக்கு வந்தால், கரும்பலகையில் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு காலை வரைந்து ஒருமுறை விளக்குவது என் வழக்கம்.

கந்தையா ஐயா வந்த அன்றும் விளக்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் காணி எடுத்து நெல் விதைக்கிற மனிதர். வரப்பில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் மேல்நுனி முறிந்திருந்தது. மெலிந்த உடம்பு, குரல் மட்டும் வாய்க்காலின் அந்தக் கரைக்குக் கேட்கும். பக்கத்தில் மனைவி பூரணம் அம்மா. அவர்களுக்கு விளங்கவேண்டுமே என்று ஆட்டுக்கல்லை உவமைக்கு இழுத்தேன். “இடுப்பெலும்பில ரெண்டு பக்கமும் ஒரு குழி இருக்கு, ஆட்டுக்கல்லின்ர குழி மாதிரி. தொடை எலும்பின்ர தலை உருண்டை. அது குழவி மாதிரி அந்தக் குழிக்குள்ள நிண்டு எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் அப்படியில்லை, கதவுப் பிணைச்சல் மாதிரி ஒரு பக்கம்தான் மடங்கும்” என்றேன். வார்டு முழுவதும் தலையாட்டியது. இப்படி ஒரு வகுப்பு எனக்கு என்றுமே அமைந்ததில்லை என்று உள்ளம் குளிர்ந்து நின்றபோது, பூரணம் அம்மா கையை உயர்த்தினார்.

“எல்லாம் வடிவா விளங்குது பிள்ளை. அப்ப அரைச்ச மா எதால வெளிய வாறது?”

பாலைப்பழம்

அடுத்த கட்டிலுக்கு வந்தவர் அந்தோனி அண்ணை. கொக்கிளாயில் பிறந்து, அங்கிருந்து எழும்பி முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர். அந்த வருஷம் சண்டையால் அங்கேயும் இருக்க ஏலாமல் போய், துணுக்காயில் ஓலைக் கொட்டில் போட்டு, செய்வதற்குத் தொழில் இல்லாமல் இருந்தார். காட்டில் பாலைப்பழக் காலம். ஊர் ஆட்கள் மரத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஏறினார். வாழ்நாளில் பாய்மரத்தைத் தவிர வேறு மரம் ஏறாத மனிதர். இடது தொடை எலும்பு நட்ட நடுவில் முறிந்துபோயிருந்தது.

உடம்பிலேயே நீளமான எலும்பு அது. அதைச் சுற்றியிருப்பவை உடம்பிலேயே பலமான தசைகள். எலும்பு முறிந்ததும் அந்தத் தசைகள் இழுத்துச் சுருங்கும். முறிந்த இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அப்படியே விட்டால் எலும்பு ஒட்டும், ஆனால் கால் கட்டையாகிவிடும். அதற்காகத்தான் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளால் ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருக்கிற கப்பிக்கு மேலால் விட்டுப் பாரம் தொங்கவிடுவது. எலும்பு ஒட்டும்வரை, இரவு பகல், சாப்பாடு தூக்கம் எல்லா நேரமும் அந்தப் பாரம் தொங்கவேண்டும்.

காலின் நீளம் அவருக்கு அழகுக்காகத் தேவைப்படவில்லை. கரைவலை இழுக்கிறவன் இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, மணலில் குதிக்காலை ஊன்றி, மற்றவர்களோடு ஒரே அடியாகப் பின்னால் போகவேண்டும். ஒருவன் நொண்டினால் முழு வரிசையும் குழம்பும். கரைக்குத் திரும்பப் போகலாம் என்ற கதை அப்போதே அடிபட்டது. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: அந்தோனி நேராக நடந்து வந்தால் அடுத்த வருஷம் வலையில் இடம் உண்டு, நொண்டிக்கொண்டு வந்தால் இல்லை. அண்ணை இதை எனக்குச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. காலை நேராக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எலும்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

“கடல் எண்டா விழுத்திப்போட்டும் ஏந்தும் மிஸ். உந்தக் காடு விழுத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு நிக்குது.”

சங்கக்கடைத் தராசு

ஆஸ்பத்திரியில் இரும்புப் பாரங்கள் இல்லை. இல்லாத பொருள்களின் வரிசையில் அதற்கு மிகப் பின்னால்தான் இடம். ஆகவே பழைய சீலையில் பை தைத்து, அதற்குள் மணல் போட்டு, பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் நிறுத்து எடுத்து வரவேண்டும். அண்ணைக்குப் பெரிய பை. கந்தையா ஐயாவுக்குச் சின்னது. வயதான உடம்பு, கம்பியும் இல்லாமல் தோலில் ஒட்டிய பட்டியில்தான் கயிறு. இரண்டு பையையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். சீனிக்கும் மாவுக்கும் நின்ற வரிசை என்னை முறைத்துப் பார்த்தது. மனேச்சர் தராசுத் தட்டில் விழுந்த மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் பேனையை எடுத்தார்.

“மணலுக்கும் கூப்பன் வெட்டவேணுமோ மிஸ்?”

கதிரை

பிலோமினா அக்கா அந்தோனி அண்ணையின் மனைவி. இரக்கமுள்ள மனுஷி. உலகத்தில் இரக்கத்தைப்போலத் தொல்லை தருகிற குணம் வேறு இல்லை என்று அவவிடம்தான் படித்தேன். நாங்கள் பையைத் தொங்கவிட்ட அன்றே மத்தியானம் வந்து பார்க்கிறேன், பார்க்க வருகிறவர்கள் இருக்கிற கதிரை ஒன்று கால்மாட்டில் நிற்கிறது, அதன்மேல் மணல் பை மரியாதையாக இருக்கிறது. கயிறு தொய்ந்துபோய்க் கிடக்கிறது. “சாப்பிடுறார் மிஸ், சாப்பிட்டு முடியுமட்டும்” என்றார். பையைக் கீழே விட்டேன். கரும்பலகையில் தசையைக் கீறிக் காட்டினேன். ‘ஓம் மிஸ், ஓம் மிஸ்’ என்றார். பின்னேரம் வந்தால் திரும்பக் கதிரை. இந்தமுறை அண்ணை செபம் சொல்கிறாராம். அடுத்த நாள் நித்திரையாம். அதற்கடுத்த நாள் ஒரு காரணமும் இல்லை, சும்மா ஓர் ஆறுதலுக்காம்.

கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த வாங்கு வந்தது. வாங்கை எடுத்தேன். குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பை. எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. “அக்கா, நீங்கள் இரக்கப்பட இரக்கப்பட இவற்ற கால் கட்டையாகிக்கொண்டு போகுது. பையைத் தொடாதேங்கோ! இவர் திரும்ப வலை இழுக்கவேணுமோ வேண்டாமோ?” என்று வார்டு அதிரக் கத்தினேன். பிலோமினா அக்கா கோபிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழே பரிதாபமாகப் பார்த்தார்.

“மிஸ், நீங்கள் இன்னும் கலியாணம் கட்டேல்லைத்தானே? கட்டியிருந்தா ஒரு மனிசனை இப்பிடிப் பாரத்தில கட்டி இழுக்க மனம் வராது.”

முடிச்சு

அக்கா இப்படியென்றால் அண்ணை வேறு விதம். அவர் அழமாட்டார், முனகமாட்டார், பையைத் தூக்கச் சொல்லியும் கேட்டதில்லை. ஆனால் நான் கட்டிய முடிச்சை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலில் கிடந்தபடி நாள் முழுவதும் அதையே பார்ப்பார். “உது முடிச்சில்லை மிஸ், சிக்கு” என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் நின்ற நேரம், அவருடைய மச்சான் பார்க்க வந்திருக்கிறார். வரும்போது கொட்டிலில் பத்திரமாக வைத்திருந்த வள்ளத்துக் கப்பி ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். அண்ணை கட்டிலில் கிடந்து கட்டளை போட, மச்சான் எங்கள் கயிற்றை அவிழ்த்து, இரண்டாவது கப்பியைப் பூட்டி, கயிற்றின் ஒரு முனையைக் கட்டிற் சட்டத்தில் கட்டி, பையை அந்தப் புதுக் கப்பியில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகவே செய்து முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. பை ஆடவில்லை, கயிறு உரசவில்லை. நானும் ஏமாந்து ஒருநாள் விட்டுவிட்டேன். பிறகுதான் கயிற்றைத் தொட்டுப் பார்த்து விளங்கியது: பாரத்தில் பாதியைக் கட்டில் சுமக்கிறது, மற்றப் பாதிதான் காலுக்குப் போகிறது. “அண்ணை, பாரத்தைப் பாதியாக்கி வைச்சிருக்கிறியள்!” என்றேன். “அதுக்குத்தானே மிஸ் கப்பி போடுறது” என்றார். கடலில் பாரம் தெரியாமல் இழுப்பதற்குத்தான் கப்பி. இங்கே பாரம் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இழுக்கிறோம் என்று நான் விளக்கிய விளக்கம் அவருடைய காதுக்குள் இறங்கவே இல்லை. எல்லாவற்றையும் அவிழ்த்து எறிந்துவிட்டுப் பழையபடி கட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்கட முடிச்சை நம்பி நான் வள்ளத்தைக் கட்டியிருந்தா, இண்டைக்கு அது இந்தியாவில நிண்டிருக்கும்.”

இரண்டு குதிக்காலும்

காலை எங்கிருந்து அளப்பது என்பதும் ஒரு சண்டை. பிலோமினா அக்கா இரண்டு குதிக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “பாருங்கோ மிஸ், சமன்!” என்பார். அப்படிப் பார்க்கக்கூடாது. இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிந்து கொடுத்தால், கட்டையான காலும் கீழே இறங்கி மற்றதோடு சமனாக நிற்கும். நோயாளி தெரியாமலே அதைச் செய்வார். இடுப்பின் முன்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு முனையிலிருந்து, உட்பக்கக் கணுக்கால் எலும்பு வரை நாடாவைப் பிடிக்கவேண்டும். இரண்டு காலிலும் அப்படிப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

உண்மை வெளிவந்தது. இடது கால் இரண்டு விரல் அகலம் கட்டை. திரும்பத் திரும்ப அளந்தேன், நாடா இரக்கம் காட்டவில்லை. அந்தோனி அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எலும்பு இன்னும் இறுகவில்லை, இப்போதிருந்து பாரம் ஒழுங்காகத் தொங்கினால் நீளத்தைத் திரும்பப் பிடிக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு எப்படித் தொங்கவிடுவது? கதிரை, வாங்கு, குடம், கப்பி எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொன்னேன். பல நாள் நித்திரை இல்லாத மனிதர். அவர் கதிரையையும் கேட்கவில்லை, குடத்தையும் கேட்கவில்லை.

“கழுவினாத் துணி சுருங்கும். நீர் என்னத்தைச் செய்து இந்தக் காலைச் சுருக்கினீர்?”

நிறுவை

பக்கத்துக் கட்டில் கந்தையா ஐயா இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார். ஆனால் அவருக்கு மனதில் நின்றது கதிரையும் இல்லை, கப்பியும் இல்லை. அந்தோனிக்குப் பெரிய பை, தனக்குச் சின்னப் பை. அந்தக் காலத்தில் எல்லாச் சாமானும் வரிசையில் நின்று அளவு பார்த்து வாங்கியவைதான். ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறைந்தது என்று அர்த்தம். “பிள்ளை, கடற்காரருக்கு ஒரு நிறுவை, வயற்காரருக்கு ஒரு நிறுவையோ?” என்று கேட்டார். உடம்பின் அளவுக்குத்தான் பாரம் என்றேன். நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், அவருடைய பை வீங்கியிருக்கிறது. மகனைக்கொண்டு உள்ளே இரண்டு கருங்கல் போட்டிருக்கிறார்! பட்டி இழுத்து, காலின் தோல் கொப்பளித்துப்போயிருந்தது. ஒரு கட்டிலில் பாரத்தைத் தூக்குகிறார்கள், அடுத்த கட்டிலில் பாரத்தைக் கூட்டுகிறார்கள். நடுவில் நின்ற எனக்கு எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

கல்லை வெளியே எடுத்துப் புண்ணுக்கு மருந்து போடும்போதுதான் அந்த யோசனை வந்தது. “ஐயா, உங்களுக்குக் கூட்டித்தர ஏலாது. ஆனா ஒண்டு பாத்தீங்களோ? அவற்ற பையை நாளுக்கு எத்தினை தரம் தூக்கி வைச்சு ஆறுதல் குடுக்கினம்? உங்களுக்கு அப்பிடி ஆரும் குடுக்கேல்லையே” என்றேன். கந்தையா ஐயாவின் கண் அகன்றது. இந்த அநியாயம் அவருக்கு இவ்வளவு நாளும் எட்டவில்லை. அன்று பின்னேரம் பிலோமினா அக்கா குடத்தைக் கவிழ்க்கக் குனிந்ததும், “ஏய், வைக்கவேண்டாம்!” என்று ஐயாவின் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். தாதிமார் ஓடிவந்தார்கள். அக்கா குடத்தைக் கீழே போட்டுவிட்டார். அதன்பிறகு அந்த வார்டில் பையைத் தொட்ட கையே இல்லை. ஐயா சாப்பிடும்போதும் ஒரு கண் அந்தப் பையில்தான். அவருடைய நியாயத்தை எனக்கு இப்படிச் சொன்னார்:

“அவருக்கு ஆறுதல் எண்டா எனக்கும் ஆறுதல் வேணும் பிள்ளை. எனக்கு இல்லையெண்டா அவருக்கும் இல்லை.”

பிளேன் வந்த நாள்

ஒருநாள் காலை குண்டு போடுகிற பிளேன் சத்தம் கேட்டது. நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்கு ஓடினார்கள். எங்கள் வார்டில் பாதிப்பேர் கட்டிலோடு கட்டப்பட்டவர்கள். பிலோமினா அக்கா அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை அவிழ்த்து அவரைக் கட்டிலுக்குக் கீழே இறக்கலாமோ என்று என்னைக் கேட்டார். இறக்கினால் ஒட்டத் தொடங்கிய எலும்பு போகும். இறக்காவிட்டால் எது போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் வாசற்படியில் உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நின்றேன். கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தை எழுப்பும் தசைகளின் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும், நிறுத்தத்தான் தெரியவில்லை. கட்டிலில் கிடந்த கந்தையா ஐயா என்னைப் பார்த்துக் கையை வீசினார்.

“பிள்ளை, நீ ஓடு. பையைப் பாக்க இஞ்ச நான் இருக்கிறன்.”

நோகிற இடம்

பிளேன் போய்விட்டது, எங்கள் பக்கம் ஒன்றும் விழவில்லை. அடுத்த நாளே பூரணம் அம்மா தன் முழங்காலோடு என்னிடம் வந்துவிட்டார். மாதக்கணக்காக நோவாம். எண்ணெய் போட்டு, துணி சுற்றி, முழங்கால் ஒரு பொட்டலம்போல இருந்தது. மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், முழங்காலில் ஒரு குறையும் இல்லை. தொடையைப் பிடித்து மெல்ல உட்பக்கம் திருப்பியதும் ‘ஐயோ’ என்று துள்ளினார். நோய் இடுப்பு மூட்டில். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பின் கிளைதான் முழங்காலுக்கும் போகிறது. அதனால் இடுப்பு படுகிற பாட்டை முழங்கால் சொல்லும். இதைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. நாற்று நடுகிறதுக்குக் குனிகிறதைக் குறைக்கவேணும், நோகாத பக்கத்துக் கையில் ஊன்றிக்கொள்ளப் பொல்லுப் பிடிக்கவேணும் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, துணியை முழங்காலிலேயே திரும்பச் சுற்றினார்.

“இடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி பிள்ளை. ஆனா நோகிறது முழங்கால்தானே, அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் தாங்கோ.”

மாதாவுக்குச் சொன்னது

எலும்பு ஒட்டியது. கயிற்றை அவிழ்த்தோம், கம்பியை எடுத்தோம். நாடா வைத்து அளந்தேன்: இரண்டு விரல் அகலம் போய், அரை விரல் அகலம் மட்டும் கட்டை. கந்தையா ஐயாவின் பொறாமைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவ்வளவு காலம் நீட்டியே கிடந்த முழங்கால் மரக்கட்டையாக இருந்தது. முழங்காற் சிரட்டை அசையவில்லை. தொடையின் முன்பக்கத் தசை மெலிந்து, முறிந்த இடத்தோடு ஒட்டிப்போயிருந்தது. இடுப்பின் பக்கத்தில் இருக்கிற தசையும் சோர்ந்துவிட்டது. நாங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறபோது உடம்பு மற்றப் பக்கம் சரியாமல் பிடிக்கிறது அந்தத் தசைதான். அது வேலை செய்யாவிட்டால், கால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடை வாத்து நடைதான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். “நாய் மதிலடியில நிக்கிற மாதிரி நிக்கச் சொல்லுறியள், நான் மாட்டன்” என்றார். முழங்காலை மடக்கச் சொன்னேன். கொஞ்சம் மடக்கி, முகத்தைச் சுளித்து, நிறுத்திவிடுவார். சம்மாட்டி, கரைவலை, அடுத்த வருஷம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மாரி மழை தொடங்கிவிட்டது, முழங்கால் மட்டும் தொடங்கவில்லை.

திடீரென்று ஒரு கிழமைக்குள் எல்லாம் மாறியது. நான் வருவதற்கு முன்பே எழும்பி, கட்டில் விளிம்பில் இருந்து, வேர்க்க வேர்க்க மடக்குகிறார். ‘நாய் வேலை’யும் நடக்கிறது. என்ன அதிசயம் என்று விசாரித்தால், பிலோமினா அக்கா பிளேன் வந்த அன்று மாதாவுக்கு நேர்த்தி வைத்தாராம்: புருஷன் உயிரோடு எழும்பினால், கோவில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அவரே முழங்காலில் வருவார் என்று. அதை அக்கா அப்போதுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார். முழங்காலில் நடக்க முழங்கால் மடங்கவேண்டும். இடுப்பு நிமிர்ந்து நிற்கவேண்டும். நான் இரண்டு மாதம் கெஞ்சியது அதே மடக்கைத்தான், அதே நிமிர்வைத்தான்! குதிக்கால் பின்பக்கத்தில் முட்டும்வரை முழங்காலில் இறங்கக்கூடாது என்று தடைபோட்டேன். அதையும் ஒப்புக்கொண்டு முட்ட வைத்தார். எனக்குச் சந்தோஷத்தை விட எரிச்சல்தான் அதிகம். “நான் சொல்லேக்க ஏன் அண்ணை செய்யேல்லை?” என்று கேட்டேவிட்டேன்.

“நீங்கள் கோவிச்சா ஒரு ஏச்சோட போயிடும் மிஸ். மாதா கோவிச்சா தொழில் போயிடும்.”

கரை

கந்தையா ஐயா பொல்லோடு வயலுக்குப் போனார். போகும்போதும் மற்றவர்களின் பைகளை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்தோனி அண்ணை குடும்பத்தோடு கரைக்குத் திரும்பினார். அவரை வலையில் சேர்த்தார்களா இல்லையா என்ற செய்தி எனக்கு வரவில்லை. அது மனதுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் நடமாடும் கிளினிக் ஒன்றோடு உழவு இயந்திரத்தில் முல்லைத்தீவுப் பக்கம் போனபோது, கூட வந்தவர்களை மரநிழலில் விட்டுவிட்டு நேரே கடற்கரைக்கு நடந்தேன். வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி ஒரு வரிசை ஆட்கள், இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றி, ஒரே அடியாகப் பின்னால் வந்தார்கள். நடுவில் அந்தோனி அண்ணை. எது முறிந்த கால் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் என்னைக் கண்டு, வலை கரை ஏறியதும், கடல் வலப்பக்கம் இருக்க, அலை ஓரமாக என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். “அண்ணை, நொண்டலே இல்லை!” என்றேன்.

“பொறுங்கோ மிஸ்” என்றுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கடலின் பக்கம் சாய்ந்தது. கரை கடலை நோக்கிச் சரிவுதானே. வரும்போது கட்டையான கால் மேட்டில், போகும்போது அதே கால் பள்ளத்தில். “கடல் வலப்பக்கம் எண்டா நான் சமன். திரும்பினாத்தான் நீங்கள் விட்ட பிழை தெரியுது. பரவாயில்லை, வலை இழுக்கேக்க ஆருக்கும் தெரியாது” என்று சிரித்தார். நான் விட்ட பிழையா! கதிரை, வாங்கு, குடம், வள்ளத்துக் கப்பி எல்லாம் ஒன்றாக என் வாய்வரை வந்தன. அதற்குள் மீன் கூடையோடு பிலோமினா அக்கா வந்து சேர்ந்தார். நல்ல பாரை மீன் ஒன்றை என் கையில் திணித்தார். புருஷனின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“அப்பவே இன்னும் கொஞ்சம் பாரம் கட்டியிருந்தா இந்தக் குறையும் வந்திராது. நீங்கள் இரக்கப்பட்டிட்டியள் மிஸ்.”

ஒரு தொடை எலும்பை நேராக்க ஒரு பை மணல் போதும். அந்தப் பை சும்மா தொங்குவதற்குத்தான் ஓர் ஊரையே கட்டிப்போட வேண்டியிருக்கிறது.